ஒற்றைமுனைச் சிக்னலை டிஃபரென்ஷியல் ஆக்க ஆறு வழிகள்: உங்கள் வேலைக்கு எது பொருந்தும்?

திருவிழாக் காலம் நெருங்கினால், கோயில்களுக்கு சவுண்ட் போடும் தம்பிமார் ஒரு கேள்வியோடு வருவார்கள். மிக்ஸர் மண்டபத்துக்குள், அம்பிளிஃபயர் வாசலில், நடுவில் ஐம்பது மீற்றர் வயர். நாதஸ்வரம் ஓய்ந்ததும் ஸ்பீக்கர் உறுமுகிறது, என்ன செய்யலாம்? மாரி தொடங்கும்போது வருவது வேறு கேள்வி. தம்பலகாமத்து வாய்க்காலில் நீர்மட்ட சென்சர், இருநூறு மீற்றர் தள்ளி வீட்டில் ஈ.எஸ்.பி.32 என்ற மைக்ரோகொன்ரோலர், வருகிற அளவு ஒரு நிலையில் நிற்பதில்லை. வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் கேட்பது மூன்றாவது: புரொஜெக்டுக்கு வாங்கிய ஏ.டி.சி. (சிக்னலை எண்ணாக்கும் ஐ.சி.) இரண்டு வயர் கேட்கிறது, சென்சரில் இருந்து வருவதோ ஒன்று.

மூன்று பேருக்கும் தேவைப்படுவது ஒரே வேலைதான்: சிங்கிள்-எண்டட் என்று சொல்லப்படும் ஒற்றைமுனைச் சிக்னலை டிஃபரென்ஷியலாக மாற்றுவது. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே சர்க்கிட்டைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது பிழையாகும்.

## முதலில் ஒரு தெளிவு

ஒற்றைமுனைச் சிக்னலில் ஒரு வயர் சிக்னலைக் கொண்டுபோகும், ஏர்த் அதன் திரும்பும் வழி. அனுப்பும் பக்கத்து ஏர்த்தும் வாங்கும் பக்கத்து ஏர்த்தும் ஒரே வோல்ற்றளவில் இருக்கும் என்று நம்பித்தான் இது வேலை செய்கிறது. இரண்டு கட்டிடம், இரண்டு பிளக் பொயின்ற் என்றால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். நடுவே இருக்கும் 50 ஹேர்ட்ஸ் வேறுபாடு அப்படியே சிக்னலோடு கலக்கும். நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான்.

டிஃபரென்ஷியல் என்றால் ஒரு வயரில் சிக்னல், மற்ற வயரில் அதன் தலைகீழ் என்று படித்திருப்பீர்கள். இரைச்சல் கழிபடுவதற்கு அந்தத் தலைகீழ்ச் சிக்னல் கட்டாயம் இல்லை. கட்டாயமானவை இரண்டு: இரண்டு வயருக்கும் ஏர்த்தை நோக்கிய மின்தடங்கல் சமமாக இருக்க வேண்டும், வாங்கும் பக்கம் இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும். அலை தோணியை முழுதாகத் தூக்கி இறக்கினால் தோணி சரிவதில்லை. ஒரு பக்கத்தைக் கூடுதலாகத் தூக்கினால்தான் சரியும். வாங்கும் பக்கத்து ரிசீவர் பார்ப்பது அந்தச் சரிவை மட்டும்தான்.

கணக்கில் பார்க்கலாம். ரிசீவரின் ஒவ்வொரு காலும் (இரண்டு வயரில் ஒவ்வொன்றும் சேரும் முனை) ஏர்த்துக்கு 10 கிலோ ஓம் என்று வையுங்கள். அனுப்பும் பக்கத்தில் ஒரு கால் 100 ஓம், மற்றது 110 ஓம். பத்து ஓம் வேறுபாட்டைப் பத்தாயிரத்தால் பிரித்தால் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 60 டெசிபெல். ஏர்த் வேறுபாடு 1 வோல்ற் என்றால் 1 மில்லிவோல்ற் மட்டும் உள்ளே வரும். அதே இடத்தில் ஒரு காலில் 600 ஓமும் மற்றதில் பூச்சியமும் இருந்தால் ஏறத்தாழ 57 மில்லிவோல்ற் வரும். சிக்னல் எவ்வளவு அழகாகத் தலைகீழாக்கப்பட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

முதல் கேள்வி, என்ன சிக்னல்? ஒலி என்றால் நேரோட்டப் பகுதி (ஆடாமல் நிற்கும் வோல்ற்றளவு) தேவையில்லை. வெப்பநிலை, நீர்மட்டம், எடை என்றால் நேரோட்டப் பகுதிதான் செய்தி. டிஜிட்டல் என்றால் பாதையே வேறு.

இரண்டாவது, ஏர்த்தைப் பிரிக்க வேண்டுமா? உறுமலை நிறுத்த அம்பிளிஃபயர் பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு லைவ் வயர் கழன்று பெட்டியில் பட்டால், மைக்கைப் பிடித்திருப்பவரின் உடம்பில் 230 வோல்ற் இறங்கும். பிரிக்க வேண்டியது சிக்னல் ஏர்த்தை. மெயின்ஸ் ஏர்த்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது, வாங்கும் பக்கம் உண்மையில் டிஃபரென்ஷியலா? மூன்று தொடுகை உள்ள சொக்கெட் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோனின் ஸ்டீரியோ பிளக்கை அப்படியே மிக்ஸரின் பலன்ஸ்ட் (டிஃபரென்ஷியல்) சொக்கெட்டில் செருகிப் பாருங்கள்: இடது சனலில் இருந்து வலது கழிபடும். நடுவில் பதிவான பாடகர் குரல் காணாமல்போய் வாத்தியங்களின் ஓரம் மட்டும் மிஞ்சும்.

நான்காவது, அனுப்பும் முனையில் பவர் இருக்கிறதா? ஐந்தாவது செலவு. இதில் பொருளின் விலையோடு, கொழும்பில் இருந்து கூரியரில் எடுப்பிக்கும் செலவையும், அது பழுதானால் நம்மூரில் மாற்று கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று மீற்றர் தூரம், இரண்டு பெட்டியும் ஒரே பிளக் பொயின்ற் என்றால் மாற்றத் தேவையே இல்லை. நல்ல ஷீல்ட் வயர் போதும்.

## வழி 1: ஒரே ஒரு தடையி

இதைப் பலர் நம்ப மறுப்பார்கள். அனுப்பும் பெட்டியின் வெளியீட்டுத் தடங்கல் 100 ஓம் என்றால், இரண்டு கோர் ஷீல்ட் வயரின் முதல் கோரைச் சிக்னலில் இணையுங்கள். இரண்டாவது கோரை அதே பெட்டியின் சிக்னல் ஏர்த்தில் 100 ஓம் தடையி ஊடாக இணையுங்கள். ஷீல்டும் ஏர்த்துக்கு. அவ்வளவுதான். இரண்டாவது கோரில் சிக்னல் ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் சமநிலை கிடைத்துவிட்டது. பல சிறிய மிக்ஸர்களின் பலன்ஸ்ட் வெளியீடு உள்ளே திறந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

குறை என்னவென்றால், தலைகீழ்ச் சிக்னல் இல்லாததால் இரண்டு கால்களையும் ஓட்டும் சர்க்கிட்டைவிட அளவு 6 டெசிபெல் குறையும். ஏர்த்தும் பிரியாது. ரிசீவர் டிஃபரென்ஷியலாக இல்லாவிட்டால் பயன் பூச்சியம். வெளியீட்டுத் தடங்கல் எவ்வளவு என்று தெரியாத மலிவுப் பெட்டிகளில் தடையியின் பெறுமதியை ஊகித்துத்தான் போட வேண்டிவரும். அதன் கையேட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சென்சருக்கும் இது உதவும். ஏ.டி.எஸ்.1115 என்ற ஏ.டி.சி. மொடியூலின் ஒரு முனையைச் சிக்னலுக்கும் அடுத்ததைச் சென்சர் பக்கத்து ஏர்த்துக்கும் கொண்டுபோய் டிஃபரென்ஷியலாக வாசிக்கலாம். ஒரு நிபந்தனை: அந்த ஐ.சி.யின் உள்ளீடுகள் அதன் ஏர்த்துக்கும் பவர் வோல்ற்றளவுக்கும் இடையில் நிற்க வேண்டும். சென்சர் பக்கத்து ஏர்த் பூச்சியத்துக்குக் கீழே போனால் வாசிப்பு கெடும், ஐ.சி.யும் கெடலாம்.

## வழி 2: ட்ரான்ஸ்ஃபோமர்

ஏர்த்தை உண்மையாகவே பிரிப்பது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். பவர் வேண்டாம். ரிசீவர் ஒற்றைமுனையாக இருந்தாலும் உதவும். அந்த நேரத்தில் ட்ரான்ஸ்ஃபோமரை ரிசீவரின் பக்கத்தில் வையுங்கள். ட்ரான்ஸ்ஃபோமரால் வாங்கும் ரிசீவருக்கு ஏர்த்தை நோக்கிய தடங்கல் மிக மிகப் பெரிது. அதனால் மேலே பார்த்த பத்து ஓம் வேறுபாடு அங்கே ஒரு பொருட்டே இல்லை.

செலவு ஒளிந்திருப்பது கருவுக்குள். ஒரே வோல்ற்றளவுக்கு 20 ஹேர்ட்ஸில் கருவில் ஓடும் காந்தப் பாயம் 1000 ஹேர்ட்ஸில் ஓடுவதைப் போல் 50 மடங்கு. சின்னக் கரு அதைத் தாங்காமல் நிரம்பி அடித்தொனியை நசுக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 600 ஓம் டெலிஃபோன் ட்ரான்ஸ்ஃபோமர்கள் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. அறிவிப்புக்கும் பிரசங்கத்துக்கும் அது போதும். தவிலின் தொப்பிப் பக்கத்தை அதற்குள் விட்டால் அடி கேட்கும், ஆழம் இருக்காது. இசைக்கென்று செய்த நல்ல ட்ரான்ஸ்ஃபோமரின் விலை ஒரு சின்ன மிக்ஸரின் விலையை எட்டலாம்.

அம்பிளிஃபயரின் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். காற்றினூடாகவே 50 ஹேர்ட்ஸைப் பிடித்துக்கொள்ளும். கிற்றாருக்கும் கீபோர்டுக்கும் விற்கும் பசிவ் டி.ஐ. பெட்டிக்குள் இருப்பதும் ட்ரான்ஸ்ஃபோமர்தான். 10:1 சுற்று என்றால் சிக்னல் 20 டெசிபெல் இறங்கும், அதை மைக் உள்ளீட்டில் கொடுக்க வேண்டும். நேரோட்டச் சிக்னலுக்கு ட்ரான்ஸ்ஃபோமர் சரிவராது.

## வழி 3: இரண்டு ஒப்-ஆம்ப்

படிக்கும் பிள்ளைகள் ஒரு தடவையாவது கையால் கட்டிப் பார்க்க வேண்டிய சர்க்கிட் இது. ஒரு என்.ஈ.5532 ஐ.சி.க்குள் இரண்டு ஒப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்கிட்) இருக்கிறது. முதலாவது பஃபர், அதாவது சிக்னலை மாற்றாமல் அப்படியே கடத்துவது; அதன் வெளியீடு நேர்க்கால். அதே வெளியீட்டை இரண்டாவதன் எதிர் உள்ளீட்டுக்கு 2 கிலோ ஓம் ஊடாகக் கொடுத்து, 2 கிலோ ஓமால் பின்னூட்டினால் தலைகீழ்க்கால். இரண்டுக்கும் இடையில் உள்ளீட்டைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடுதல். ஒவ்வொரு காலிலும் வெளியே போகும் முன் 100 ஓம் போடுங்கள். நீண்ட வயரின் கொள்ளளவத்தால் ஒப்-ஆம்ப் அலைவதை அது தடுக்கும். டி.எல்.072 போட்டாலும் வேலை செய்யும், ஆனால் 600 ஓம் போன்ற பாரமான சுமையை ஓட்ட அதற்குத் தென்பு போதாது.

அந்த 100 ஓம் தடையிகளில்தான் சமநிலை தங்கியிருக்கிறது. 5 சதவீதத் தடையிகள் என்றால் மோசமான நிலையில் 10 ஓம் வேறுபாடு வரலாம். 1 சதவீதம் என்றால் 2 ஓம்தான். ரிசீவர் 10 கிலோ ஓம் என்ற அதே கணக்கில் 60 டெசிபெல் 74 ஆகிவிடும். விலை வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

தொடக்கக்காரர்கள் வழுக்கும் இடம் வேறு. 12 வோல்ற் பற்றரியில் ஓட்டினால் இரண்டு வெளியீடும் 6 வோல்ற்றில் நிற்கும். அதை மறிக்க ஒவ்வொரு காலிலும் ஒரு கொள்ளளவி வேண்டும். கையில் கிடைத்த 10 மைக்ரோஃபரட் எலக்ட்ரோலிட்டிக்கைப் போடுகிறோம். 50 ஹேர்ட்ஸில் அதன் தடங்கல் 318 ஓம். அதன் பொறுதி (சொன்ன பெறுமதியில் இருந்து விலகக்கூடிய அளவு) 20 சதவீதம் என்றால் ஒன்று 8, மற்றது 12 மைக்ரோஃபரட்டாக இருக்கலாம். அப்போது தடங்கல்கள் 398, 265 ஓம். 133 ஓம் வேறுபாடு! தேடித்தேடி வாங்கிய 1 சதவீதத் தடையியின் பயன் அங்கேயே போய்விட்டது, கிடைப்பது 38 டெசிபெல்லுக்கும் குறைவு. கொள்ளளவியை 100 மைக்ரோஃபரட் ஆக்குங்கள், வேறுபாடு 13 ஓமுக்கு இறங்கும். 220 என்றால் இன்னும் நல்லது. உறுமல் ஏன் போகவில்லை என்று சர்க்கிட்டை எத்தனை தரம் பார்த்தாலும் இது கண்ணில் படாது, ஏனென்றால் வரைபடத்தில் இரண்டும் ஒரே பெறுமதிதான்.

இன்னொன்று: மறுமுனையில் யாராவது ஒற்றைமுனைப் பிளக்கைச் செருகினால் தலைகீழ்க்கால் ஏர்த்தோடு குறுக்காகும். 5532 எரியாது, ஆனால் 100 ஓம் ஊடாக ஏர்த்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த மின்னோட்டம் மற்றக் காலிலும் அசுத்தமாகக் கேட்கலாம். மிக்ஸர் மைக்குக்காகக் கேபிளில் கொடுக்கும் 48 வோல்ற் ஃபாண்டம் பவரையும் நிறுத்திவிட்டு இணையுங்கள்.

## வழி 4: லைன் ட்ரைவர் ஐ.சி.

டி.ஆர்.வி.134, தற் 1646 போன்றவை இதற்கென்றே பிறந்தவை. லேசரால் சீர்செய்த தடையிகள் உள்ளேயே இருக்கின்றன. வெளியீட்டுத் தடங்கல் சிறியது, பெருக்கம் 6 டெசிபெல். ஒரு காலை ஏர்த்தில் போட்டால் மற்றக் கால் கூடுதலாக ஓட்டி முழு அளவையும் காப்பாற்றும். யார் எந்தப் பிளக்கைச் செருகுவார்கள் என்று தெரியாத கோயில், பாடசாலை மேடைகளுக்கு இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதைச் சொல்வேன். டி.ஆர்.வி.134 எட்டுக்கால் பழைய பொதியில் வருவதால் கையால் ஈயம் வைக்கலாம்.

விலை 5532-ஐப் போல் பல மடங்கு, பெரும்பாலும் வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டும். போலி ஐ.சி.கள் சந்தையில் இருப்பதால் நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்கள். நேர், எதிர் இரண்டு பவரும் கொடுப்பதே வழக்கம்.

## வழி 5: முழு டிஃபரென்ஷியல் அம்பிளிஃபயர்

ஏ.டி.சி.க்கு முன்னால் நிற்கப் பிறந்தது. இரண்டு வெளியீடும் எந்த வோல்ற்றளவை நடுவாக வைத்து ஆட வேண்டும் என்பதை ஒரு தனிப் பின்னில் நீங்களே சொல்லலாம். 5 வோல்ற் ஏ.டி.சி.க்கு அங்கே 2.5 கொடுத்தால் போதும். நேரோட்டம் முதல் மெகாஹேர்ட்ஸ் வரை தாங்கும். ஏ.டி.8138, ஒலிக்கென்றால் ஓ.பி.ஏ.1632 பெயர்பெற்றவை.

ஒற்றைமுனையால் ஊட்டும்போது மூலத்தின் தடங்கல் ஒரு பக்கத்து உள்ளீட்டுத் தடையியோடு மட்டும் சேர்ந்துகொள்ளும். அதே அளவை மற்றப் பக்கத்திலும் சேர்க்காவிட்டால் சமநிலை குலையும். உள்ளீட்டுத் தடங்கலும் நீங்கள் போட்ட தடையியின் பெறுமதியாக இராது: பெருக்கம் 1, தடையி 1 கிலோ ஓம் என்றால் மூலம் காண்பது 1.33 கிலோ ஓம். மிகச் சிறிய பொதி, கவனமாக வரைந்த போர்ட் இரண்டும் வேண்டும். ப்ரெட்போர்டில் வைத்தால் அலைந்துகொண்டே இருக்கும். ஐம்பது மீற்றர் வயருக்கு இதைப் போடாதீர்கள். போர்டுக்குள் சில சென்ரிமீற்றருக்குத்தான் இதன் அருமை.

## வழி 6: டிஜிட்டலாக்கி ஆர்.எஸ்.485

தம்பலகாமத்துச் சென்சருக்கு என் பதில் இதுதான். இருநூறு மீற்றருக்கு அனலொக் சிக்னலை இழுத்துக் கஷ்டப்பட வேண்டாம். சென்சர் பக்கத்திலேயே ஒரு சின்ன மைக்ரோகொன்ரோலரை வைத்து எண்ணாக்கி, மெக்ஸ்485 ஐ.சி. ஊடாக அனுப்புங்கள். ஆர்.எஸ்.485 என்பது தரவை டிஃபரென்ஷியலாக அனுப்பும் நியமம், குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரை போகும். ரிசீவர் 200 மில்லிவோல்ற் வேறுபாட்டையே அடையாளம் காணும். ஏர்த் வேறுபாடு உட்பட, வயர்கள் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ற் வரை நகர்ந்தாலும் தாங்கும். முறுக்கிய ஜோடிக்கு நெற்வேர்க் கேபிளே போதும். ஒரு ஜோடி தரவுக்கு, இன்னொன்றை இரண்டு பக்கத்து ஏர்த்தை இணைக்க வையுங்கள்.

கடையில் கிடைக்கும் மொடியூலை உருப்பெருக்கியால் பாருங்கள். இரண்டு தரவு முனைகளுக்கும் நடுவே 121 என்று அச்சிட்ட சின்னத் தடையி பெரும்பாலும் இருக்கும். அது 120 ஓம். இரண்டு முனைக்கு அது சரி. வழியில் மூன்றாவது மொடியூலைச் சேர்த்தால் மொத்தம் 40 ஓம் ஆகிவிடும், நியமத்தில் ட்ரைவருக்குச் சொன்ன சுமையோ 54 ஓம். நடுவில் இருப்பதன் தடையியைக் கழற்றுங்கள்.

மெக்ஸ்485 ஐந்து வோல்ற் ஐ.சி., ஈ.எஸ்.பி.32 தாங்குவது 3.3, மெக்ஸ்3485 போட்டால் அந்தக் கவலை இல்லை. அதே கேபிளில் பவரும் அனுப்புவதென்றால் போய்வர 400 மீற்றர் மெல்லிய செம்பு, ஏறத்தாழ 34 ஓம். 50 மில்லிஅம்பியர் இழுத்தாலே 1.7 வோல்ற் வழியில் போய்விடும். 12 வோல்ற்றாக அனுப்பி அங்கே 5 ஆக்குங்கள். திறந்த வயலில் இழுத்த வயருக்கு இடிப் பாதுகாப்பு டயோட்டுகளும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | நேரோட்டம் போகுமா | ஏர்த் பிரியுமா | அனுப்பும் பக்கப் பவர் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஒரு தடையி | போகும் | இல்லை | வேண்டாம் | 6 டெசிபெல் குறைவு |
| ட்ரான்ஸ்ஃபோமர் | போகாது | ஆம் | வேண்டாம் | அடித்தொனி, நல்லதன் விலை |
| இரண்டு ஒப்-ஆம்ப் | இரட்டைப் பவரில் போகும் | இல்லை | வேண்டும் | தடையி, கொள்ளளவிப் பொருத்தம் |
| லைன் ட்ரைவர் | போகும் | இல்லை | வேண்டும் | விலை, போலிகள் |
| முழு டிஃபரென்ஷியல் | போகும் | இல்லை | வேண்டும் | போர்ட் வரைதல், நுண்ணிய ஈயவேலை |
| ஆர்.எஸ்.485 | எண்ணாகப் போகும் | தானாக இல்லை | வேண்டும் | மைக்ரோகொன்ரோலர், இடிப் பாதுகாப்பு |

## யாருக்கு எது

கோயில் மண்டபத்தில் இருந்து வாசலுக்கு, அம்பிளிஃபயரில் பலன்ஸ்ட் உள்ளீடு இருந்தால் முதலில் ஒற்றைத் தடையியை முயலுங்கள். ஒரு மாலை வேலை, செலவு கிட்டத்தட்ட இல்லை. அதில் போகாத உறுமல், அல்லது இரண்டு கட்டிடங்களுக்கு இரண்டு மின்சார மீற்றர்ப் பெட்டி என்றால் ட்ரான்ஸ்ஃபோமருக்குக் காசு செலவழிப்பது நியாயம். பழைய அம்பிளிஃபயர்களில் ஒற்றைமுனை உள்ளீடு மட்டும் இருக்கும். இந்தப் பட்டியலில் அங்கே வேறு தெரிவே இல்லை. ஆண்டு முழுவதும் பலர் கைபடும் மேடைப் பெட்டி செய்கிறீர்கள் என்றால் லைன் ட்ரைவர். படிப்புக்கு இரண்டு ஒப்-ஆம்ப். 16 பிற்றுக்கு மேற்பட்ட வேகமான ஏ.டி.சி.க்கு முழு டிஃபரென்ஷியல். மெதுவான சென்சரும் ஏ.டி.எஸ்.1115-உம் என்றால் அது வீண் செலவு.

ரிசீவரை நீங்களே கட்டுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு ஒப்-ஆம்பும் நான்கு 1 சதவீதத் தடையிகளும் வைத்த கழிப்பான் மோசமான நிலையில் 34 டெசிபெல்தான் தரும். 0.1 சதவீதம் என்றால் 54. உள்ளேயே சீர்செய்த ரிசீவர் ஐ.சி. வாங்கும் காசை இந்த இடத்தில் மிச்சம்பிடிக்க வேண்டாம்.

## நம்மூர் உப்புக் காற்றுக்கு

கடற்கரையை ஒட்டிய எந்தக் கோயிலிலும் ஒரு வருடம் கிடந்த எக்ஸ்.எல்.ஆர். பிளக்கை (மைக் கேபிளின் மூன்று பின் பிளக்)த் திறந்து பாருங்கள், பின் அடியில் பச்சை பூத்திருக்கும். எந்த வழியைத் தெரிவு செய்தாலும் சமநிலையைக் கெடுக்க அந்தப் பச்சை போதும், ஏனென்றால் அது இரண்டு காலிலும் ஒரே அளவு ஏறாது. மல்ரிமீற்றரால் கேபிளின் இரண்டாம் பின்னில் இருந்து மறுமுனை இரண்டாம் பின்னுக்கும், மூன்றில் இருந்து மூன்றுக்கும் தடையை அளந்து பாருங்கள். மெல்லிய கோர் உள்ள ஐம்பது மீற்றர்க் கேபிளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 ஓம் காட்ட வேண்டும். ஒன்று 4, மற்றது 15 என்று காட்டினால் சர்க்கிட்டைக் குறைசொல்ல முன் பிளக்கை வெட்டி எறிந்து, பூச்சு நல்லதாக உள்ள புதுப் பிளக் வையுங்கள். திருவிழாவுக்கு முதல் வாரமே அளந்துவிடுங்கள், கொடியேற்றத்தன்று காலையில் கேபிள் சுருளைப் பிரித்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.